கயிற்றின் மறுமுனை

நாரிப் பள்ளம், உல்லுங் தீவு
ஜனவரி 9, 1977

அன்புள்ள உங்களுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். படகு ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொண்டது. என் வரிசையில் இருந்த எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். பக்கத்திலிருந்த மீன்கார அம்மாள், "உனக்குக் கடல் பழக்கமாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எதுவுமே குமட்டுவதில்லை என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது?

மாமா தோதோங் துறைமுகத்திலேயே வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். அவரும் மாமியும் மார்ச் கடைசிவரை அங்கே மகனோடுதான் இருப்பார்களாம். "குளிர்காலத்துல மேல யாரும்மா போவாங்க? இருக்கறவங்களே இறங்கி வர்றாங்க" என்றார். சரி என்றேன். யாரும் போகாத இடம் என்பதால்தான் வந்தேன் என்று சொல்லவில்லை.

வீடு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. இடுக்குகளில் மண் பூசியிருக்கிறது. அதைச் சுற்றி இரண்டு முழம் தள்ளி, கூரையிலிருந்து தரைவரை நாணல் தட்டி. கட்டைச் சுவருக்கும் தட்டிக்கும் நடுவே ஒரு நடை வீட்டைச் சுற்றி ஓடுகிறது. பனி எவ்வளவு உயர்ந்தாலும் அந்த நடைக்குள்ளேயே விறகு, தண்ணீர், கிம்ச்சி ஊறுகாய் ஜாடி எல்லாம் கைக்கு எட்டும். ஒரு சுற்று நாற்பத்திரண்டு அடி. நேற்று கையில் புத்தகத்தோடு அறுபது சுற்று வந்தேன். அச்சகத்தில் பிழை திருத்திய காலத்தில் இவ்வளவு படித்ததில்லை.

பக்கத்தில் புகை வருகிற வீடு இன்னும் ஒன்றே ஒன்று. குவாக் என்பவர் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். மனைவி இல்லை, ஒரு பசு இருக்கிறது. நான் வந்த அன்றைக்கே கயிற்றுச் சுருளோடு வந்து, என் நடையிலிருந்து தன் தொழுவம் வரைக்கும் கம்பங்களின் மேலே இழுத்துக் கட்டினார். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மணி.

"காலையில எழுந்ததும் ஒரு இழு. பதிலுக்கு நான் ஒண்ணு இழுப்பேன். அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"தினம் இழுக்கலைன்னா கயிறு பனியில உறைஞ்சு போயிடும். பனி வீட்டை மூடினா இதைப் பிடிச்சுத்தான் தோண்டிட்டு வரணும். அதோட, நீ இருக்கியா போயிட்டியான்னு எனக்குத் தெரியணுமே! ஒரு பொணத்தைப் பக்கத்து வீட்டுல வெச்சுக்கிட்டு மார்ச் மாசம் வரைக்கும் நான் காவல் காக்க முடியுமா?"

ஒரு இழுப்பு, பதிலுக்கு ஒரு இழுப்பு. தூங்கினாயா, சாப்பிட்டாயா, என்ன யோசிக்கிறாய் என்ற பேச்சே இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

நீங்கள் பெட்டியில் வைத்த மருந்தை இன்னும் பிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
நம்ஹீ


போஹாங்
ஜனவரி 17, 1977

அன்புள்ள நம்ஹீ,

உன் கடிதம் எட்டு நாளில் வந்தது. என் அக்கா வந்திருந்தாள், அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். "ஒரு இழுப்பாம், பதிலுக்கு ஒரு இழுப்பாம்! இதுக்குக் கடல் தாண்டிப் போகணுமா? இங்கயே நான் நாலு இழுப்பு இழுத்திருப்பேனே" என்றாள். பிறகு வெங்காயம் நறுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இங்கே எல்லாம் பழையபடி. இரும்பாலையில் இரவுப் பணி போய்ப் பகல் பணி வந்திருக்கிறது. நீ விட்டுப்போன செடி இரண்டு இலையை உதிர்த்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டிருக்கிறது. சோறு சில நாள் குழைகிறது, சில நாள் நறுக்கென்று இருக்கிறது. எது வந்தாலும் சாப்பிடுகிறேன்.

நம்ஹீ, ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்டில் குழந்தை இறந்தே பிறந்த பிறகு அக்கா ஏழு நாள் உனக்குக் கடற்பாசி சூப் வைத்துக் கொடுத்தாள். பிள்ளை பெற்றவள் குடிக்கிற சூப். நான் சமையலறையில் அவளோடு சண்டை போட்டேன், "இதை எதுக்கு அவளுக்குக் குடுக்கற? கொஞ்சமாவது யோசிச்சியா?" என்று. நீ உள்ளேயிருந்து, "சரி, பரவாயில்லை" என்றாய். ஏழு நாளும் கிண்ணத்தைக் காலி செய்தாய். உன் முகத்தில் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் சரி. தீவுக்குப் போகிறாயா என்றதற்கும் சரி. எப்போது திரும்புவாய் என்றதற்குக்கூட நீ சரி என்றுதான் சொன்னாய்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜெத்தாவில் துறைமுகம் கட்டுகிறார்கள். மின்கம்பி வேலைக்கு எங்கள் பிரிவிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். இரண்டு வருஷம், நடுவில் வர முடியாது. பிப்ரவரி 25 மாலை நான்கு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போகிறவர்கள் மார்ச் 12 அன்று கிளம்ப வேண்டும்.

நீ இருக்கச் சொன்னால் இருக்கிறேன். போகச் சொன்னால் போகிறேன். இரண்டில் எதை எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. சரி என்று மட்டும் எழுதாதே. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

உன்
தேகூன்


நாரிப் பள்ளம்
ஜனவரி 29, 1977

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் ஹோ இன்று கொண்டுவந்தார். கரையிலிருந்து மலைப்பாதை ஏறி, காலில் வட்டமான பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் நடந்து வருகிறார். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சுட்ட உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருக்கிறார். அவர் தின்று முடிப்பதற்குள் நான் எழுதி முடிக்க வேண்டும். "மெதுவா எழுதும்மா, இன்னும் மூணு கிழங்கு இருக்கு" என்கிறார்.

நாலு நாளாகப் பனி. நான் பனியைப் பார்த்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே பார்த்ததெல்லாம் தெருவில் பெய்து, மாலைக்குள் சகதியாகிவிடும் பனி. இங்கே பெய்தது அப்படியே இருக்கிறது. அதன்மேல் இன்னும் பெய்கிறது. காலையில் கதவைத் திறந்தால் நேற்று நான் நடந்த தடம்கூட இல்லை. யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை என்று அது எனக்காகச் சொல்லிவிடுகிறது. சத்தமும் இல்லை. கூரையின் பின்புறம் பனி சேர்ந்து சரிவாகி, கூரை எது மலை எது என்று பிரிக்க முடியாமல் ஆகிவிட்டது. முந்தாநாள் அதில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். முகத்தில் விழுகிற ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

குவாக் அண்ணன் பார்த்துவிட்டு, "இது படுக்கறதுக்கா? இந்தா" என்று ஒரு காலி உரச்சாக்கைத் தூக்கிப் போட்டார். கூரை உச்சியிலிருந்து சாக்கின்மேல் உட்கார்ந்து சறுக்க வேண்டுமாம். மாட்டேன் என்றேன். "பட்டணத்துப் பொண்ணுக்குப் பயம்" என்று பசுவிடம் உரக்கச் சொன்னார். ஏறினேன். நான்கு தடவை சறுக்கினேன். நான்காவது தடவை யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. சாக்கு நின்ற பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. அதற்குள் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

அந்தப் பசு சினையாக இருக்கிறது. பிப்ரவரி நடுவில் கன்று போடும் என்கிறார். காலையில் கயிற்றை இழுத்த கையோடு சோளத்தட்டையும் அவரைத் தோலும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியை அவளுக்கு ஊற்றுகிறார். இப்போது மணிச் சத்தம் கேட்டாலே அவள் எழுந்து நின்றுகொள்கிறாளாம். கயிறும் அவளைக் கட்டியிருக்கிற தூணில்தான். "ரெண்டு நாளா நான் இழுக்கவே இல்லை, தெரியுமா? நீ மணி அடிச்சதும் அவ கஞ்சி கஞ்சின்னு தூணையே ஆட்டிட்டா. உனக்குப் பதில் சொன்னது அவதான்!" என்று சிரித்தார். நானும் அதை அவர் இழுப்பு என்றுதான் எண்ணியிருந்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தொழுவத்தின் மேலே உத்திரத்தில் உலர்ந்த கடற்பாசி ஒரு கட்டு தொங்குகிறது. பசு ஈன்றதும் அதற்கு சூப் வைத்துக் கொடுப்பார்களாம், பெண்களுக்குக் கொடுப்பது போலவே. நான் இப்போது அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

கடைசிக் கிழங்கு. நிறுத்துகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது, பழக்கத்தில் திருத்திவிட்டேன்.

நம்ஹீ


போஹாங்
பிப்ரவரி 5, 1977

நம்ஹீ,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். பனி, சாக்கு, பசு, கிழங்கு. நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. என் பிழைகளைத் திருத்தியதற்கு நன்றி.

கோபமாகத்தான் தொடங்கினேன். ஆனால் நீ சிரித்தாய் என்று எழுதியிருந்த இடத்தைப் பல தடவை வாசித்தேன். யாரோ ஒருவர் கொடுத்த உரச்சாக்கில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாய். ஆறு மாதமாக நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். சாக்கு எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் தேதி என் பிறந்தநாள். பிறந்தநாளுக்குக் குடிக்கிற கடற்பாசி சூப்பை நானே வைத்தேன். ஊறப் போட்டால் இவ்வளவு பெருகும் என்று தெரியாது, ஒரு கைப்பிடி போட்டு மூன்று சட்டி நிறைந்துவிட்டது. அக்கா வந்து பார்த்து, "கப்பலையே கட்டி இழுக்கலாம்டா இதை வெச்சு" என்றாள். சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நீ எப்படி ஏழு நாள் குடித்தாய்?

இருபது நாள் இருக்கிறது. போ, அல்லது இரு. ஒரு சொல் போதும். தபால்தலைகூட வைத்திருக்கிறேன்.

தேகூன்


நாரிப் பள்ளம்
பிப்ரவரி 10, 1977

அன்புள்ள உங்களுக்கு,

தபால்காரர் வருவதற்கில்லை. எழுதி வைக்கிறேன்.

பனி கூரைக்கு மேலே போய்விட்டது. ஆறாம் தேதி மாலை தொடங்கியது, இன்னும் விடவில்லை. வீடு முழுக்க அதற்குள் இருக்கிறது. புகை போகும் துளையைக் கம்பால் குத்திக் குத்தித் திறந்து வைக்கிறேன். பகலில் அதன் வழியே ஒரு நீல வெளிச்சம் இறங்குகிறது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து படிப்பது போல் இருக்கிறது. காற்று வீசுவது மரங்களின் தலையில் மட்டும், எங்கோ தூரத்தில் கேட்கிறது. அடுப்பின் சூடு அடியில் ஓடுகிற தரை சூடாக இருக்கிறது. கிழங்கு, சோளம், கிம்ச்சி, பூசணி மிட்டாய் எல்லாம் இருக்கிறது. மிட்டாயைப் பனியில் புதைத்து எடுத்தால் கண்ணாடி போல உடைகிறது. நான் நன்றாக இருக்கிறேன். இந்த வாக்கியத்தை முன்பெல்லாம் வெறும் வழக்கத்துக்கு எழுதுவேன், இது அப்படி அல்ல.

குவாக் அண்ணனும் நன்றாக இருக்கிறார். ஆறாம் தேதி காலையில் தட்டிக்கு வெளியே நின்று ஏதோ நீளமாகச் சொன்னார். நான் உள்ளே புத்தகத்தோடு நடந்துகொண்டிருந்தேன், கதையில் முக்கியமான இடம். சரி என்றேன். அவருடைய பனிச்செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. ஆனால் தினமும் காலையில் நான் இழுக்கிறேன், உடனே பதில் வருகிறது. முன்பெல்லாம் ஒரு இழுப்பு. இப்போது மூன்று, நான்கு. நேற்று ஆறு. பனிக்குள் மாட்டிக்கொண்டதில் அவருக்கும் உற்சாகம் போலிருக்கிறது. நானும் விடுவதில்லை. அவர் ஆறு இழுத்தால் நானும் ஆறு. காலையில் இப்படிக் கொஞ்ச நேரம் விளையாடுகிறோம்.

நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் போனால் என்ன ஆகும் என்று நினைக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. இருந்தால் என்ன என்று நினைக்கிறேன், அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. கால் இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. இதை எழுதி அனுப்பினால் உங்களுக்கு வலிக்கும் என்பது மட்டும் தெரிகிறது.

நம்ஹீ


போஹாங்
பிப்ரவரி 12, 1977

நம்ஹீ,

இது உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. எட்டாம் தேதியிலிருந்து ஒரு படகும் போகவில்லை. தோதோங்கில் உன் மாமாவுக்குத் தந்தி அடித்தேன். மலைப்பாதை மூடிவிட்டது, யாரும் ஏற முடியாது என்று பதில் வந்தது.

நேற்று படகுத்துறையில் விசாரிக்கப் போனேன். என்னைப் போலவே படகை விசாரிக்க வந்த ஒருவர் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். "நாரி" என்றார். குவாக்! உன் குவாக் அண்ணன்! பல்வலி பொறுக்காமல் ஆறாம் தேதி இறங்கி வந்தாராம். பல்லைப் பிடுங்கிவிட்டு ஒன்பதாம் தேதி திரும்பியிருக்க வேண்டியவர்.

"அப்ப அங்க என் மனைவி மட்டுமா இருக்கா?" என்று கேட்டேன்.

"நம்ஹீ வீட்டுக்காரரா நீங்க? கவலைப்படாதீங்க. விறகு இருக்கு, கிழங்கு இருக்கு. கெட்டிக்காரப் பொண்ணு. என் பசுவையும் அவதான் பாத்துக்கறா."

"பசுவையா?"

"ரெண்டு நாளைக்குத் தீவனம் போட்டுட்டு வந்தேன். அதுக்கப்புறம் நான் வர்ற வரைக்கும் நீ போய்ப் போட்டுடும்மான்னு தட்டிக்கு வெளியில நின்னு விலாவாரியா சொன்னேன். கன்று போடற நேரம், பாத்துக்கன்னும் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"சரின்னா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏன், என்னாச்சு?" என்றார். அவள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? இருவரும் சாராயக் கடையில் போய் உட்கார்ந்தோம். அவர் ஒரு பக்க வாயால் குடித்தார்.

நீ கேட்டிருப்பாய், நம்ஹீ. இந்த ஒரு தடவையாவது கேட்டிருப்பாய். தினமும் கயிற்றைப் பிடித்துப் போய்த் தீவனம் போட்டுக்கொண்டிருப்பாய். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தேகூன்


குவாக் வீடு, நாரிப் பள்ளம்
பிப்ரவரி 16, 1977

அன்புள்ள உங்களுக்கு,

இதைக் குவாக் அண்ணன் வீட்டு அடுப்படியிலிருந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதின்மூன்றாம் தேதி மாலை, இழுக்கிற நேரமே இல்லை, மணி அடித்தது. விட்டு விட்டு ஒரு மணி நேரம் அடித்தது. ஒவ்வொரு தடவையும் நான் பதிலுக்கு இழுத்தேன். நல்ல போதையில் இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு நின்றது. நான் படித்து முடித்துத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் இழுத்தேன். பதில் இல்லை. இன்னும் மூன்று தடவை இழுத்தேன். கயிறு என் கைக்குத் தளர்வாக வந்தது, அந்தப் பக்கம் எதுவும் பிடித்து இழுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நெருப்பு அணைந்திருந்தது.

பனி அள்ளுகிற மர மண்வாரியை எடுத்துக்கொண்டு புகைத்துளையைப் பெரிதாக்கி மேலே ஏறினேன். பனி நின்றிருந்தது. வெயில். எங்கும் ஒரு கோடுகூட இல்லை. கம்பங்களின் தலை மட்டும் தெரிந்தது. பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பனிக்குள்ளிருந்து பிய்த்துப் பிய்த்து எடுத்துக்கொண்டே போனேன். எழுபது அடி தூரம். அவர் வீட்டுக்கு மேலே புகை இல்லை. கயிறு இறங்கிய இடத்தில் தோண்டினேன். நடுப்பகல் தாண்டிவிட்டது.

உள்ளே, "குவாக் அண்ணா!" என்று கூப்பிட்டேன். பானையில் தண்ணீர் கட்டியாக இருந்தது. இருட்டில் கையால் துழாவி அவர் படுக்கையைத் தேடினேன். மடித்து வைத்திருந்தது. சுவரில் பனிச்செருப்பு மாட்டுகிற ஆணி காலியாக இருந்தது. அந்த ஆணியைத் தொட்டபோது அவர் சொன்னது முழுக்க வந்தது. பல்வலி. போஹாங். ரெண்டு நாளைக்கு மட்டும் போட்டிருக்கேன். அதுக்கப்புறம் நீ. கன்று போடற நேரம். ஒரு சொல் விடாமல் வந்தது. காது கேட்டிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

பசு படுத்திருந்தது. உயிர் இருந்தது. வாய் எட்டிய தூரம்வரைக்கும் நாணல் தட்டியைத் தின்றிருக்கிறாள், ஒரு அரைவட்டம். அதற்குப் பின்னால் தெரிந்த பனியையும் நக்கி நக்கிக் கிண்ணம் போலக் குழித்து வைத்திருந்தாள். தீவனம் தீர்ந்த பிறகு ஆறு நாள் அதுதான் ஆகாரம். தூணில் என் மணி தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் நான் அதை அடித்தேன். அவள் கஞ்சி வருகிறது என்று எழுந்து நின்றாள். கயிற்றை இழுத்தாள். நான் திரும்ப அடித்தேன்.

அவளே இரண்டு நாள் எனக்குப் பதில் சொன்னாள் என்று அவர் சிரித்துச் சொன்னாரே, அதுகூட எனக்கு நினைவில் இருந்தது. ஆனாலும் எதுவும் தோன்றவில்லை.

கன்று அவளுக்குப் பின்னால் கிடந்தது. உயிர் இல்லை. பெண் கன்று. உடம்பு முழுக்க நக்கி உலர்த்தியிருந்தாள். முடி சுழல் சுழலாக அப்படியே உறைந்திருந்தது.

நான் அழவில்லை. எழுதிவிடுகிறேன், நீங்கள் கேட்பீர்கள். அடுப்பைப் பற்றவைத்தேன். பனியை உருக்கிச் சோளத்தட்டை நறுக்கிப் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். நஞ்சுக்கொடி விழுந்திருந்தது, எடுத்துப் பனியில் புதைத்தேன். பிறகு உத்திரத்திலிருந்து அந்தக் கடற்பாசிக் கட்டை இறக்கினேன்.

ஆகஸ்டுக்குப் பிறகு அந்த வாசனை என் மூக்கில் ஏறியதில்லை. ஊறப் போட்டு, அலசி, பெரிய அண்டாவில் வேகவைத்தேன். கன்று இல்லையே, எதற்கு என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு ஆறவைத்துத் தொட்டியில் ஊற்றினேன். அவள் குடித்தாள். தொட்டியின் அடி தெரிகிறவரைக்கும் குடித்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு தொட்டியை நக்கினாள்.

நீங்கள் அக்காவோடு சண்டை போட்டிருக்க வேண்டாம். எனக்குப் பசித்தது. அப்போது எனக்கே தெரியாது.

அண்டாவில் மிச்சம் இருந்ததை நானும் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். உப்பு குறைவாக இருந்தது.

நேற்று அவள் எழுந்து நின்றாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை கஞ்சி. இங்கேயே தூங்குகிறேன், அவள் மூச்சு கேட்கிற தூரத்தில். குவாக் அண்ணன் வரும்வரை விட்டுவிட்டு வர முடியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே கரைக்கு இறங்கலாம் என்று பார்த்தேன். போக ஒரு நாள், வர ஒரு நாள். இரண்டு நாளைக்கு மட்டும் தீவனம் போட்டுவிட்டுத்தான் அவரும் போனார். ஆகவே இது தபால்காரர் வரும்வரை இங்கேயே இருக்கும். இருபத்தைந்துக்குள் வருமா என்று தெரியாது.

தெரியாவிட்டாலும் எழுதுகிறேன். போகாதீர்கள். இருங்கள்.

நம்ஹீ


போஹாங்
பிப்ரவரி 25, 1977

நம்ஹீ,

இன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

காலை எட்டு மணிக்கே தபால் நிலையத்துக்குப் போனேன். உல்லுங் தபால் பை வந்ததா என்று கேட்டேன். வரவில்லை. பத்து மணிக்குக் கேட்டேன், பன்னிரண்டுக்குக் கேட்டேன். அங்கே இருக்கிற பெண், "ஐயா, கடலே மூடியிருக்கு. நான் பையை எங்கேருந்து கொண்டு வர்றது?" என்றாள். மூன்றரை வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து அலுவலகம் பத்து நிமிஷ நடை.

கடல் மூடியிருக்கிறது என்று தெரியும். ஆனால் ஜனவரி 29 அன்று கடல் திறந்துதான் இருந்தது, நம்ஹீ. தபால்காரர் உன் அடுப்பருகே உட்கார்ந்து கிழங்கு தின்றார். அன்றைக்கு நீ எழுதியிருக்கலாம். உன் மௌனத்தை உன்னுடைய அந்தச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

நாளை படகு விடுகிறார்களாம். குவாக் போகிறார். தபால் நிலையத்தில் தேங்கிக் கிடந்த ஐந்தாம் தேதிக் கடிதத்தையும் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தையும் திரும்ப வாங்கிவிட்டேன்; இதோடு சேர்த்து மூன்றையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தபால் பையை இனி நம்புவதாக இல்லை.

போன வாரம் சந்திரப் புத்தாண்டுக்கு அக்கா அரிசிக் கொழுக்கட்டை சூப் செய்தாள். உனக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். இந்தத் தடவை சண்டை போடவில்லை.

செடியை அவள் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன்.

தேகூன்


நாரிப் பள்ளம்
மார்ச் 2, 1977

அன்புள்ள உங்களுக்கு,

குவாக் அண்ணன் முந்தாநாள் மாலை வந்தார். தபால்காரரும் கூடவே வந்தார். நீங்கள் கொடுத்த மூன்று கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. முதலில் குவாக் அண்ணனைத் தொழுவத்துக்குக் கூட்டிப் போனேன். கன்றைப் பனியில் எங்கே வைத்திருக்கிறேன் என்று காட்டினேன். வெகு நேரம் நின்றார்.

"நீ சரின்னு சொன்னியே."

"சொன்னேன். ஆனா நான் கேக்கலை."

"கேக்காமலா சரின்னு சொல்லுவாங்க?"

"நான் சொல்லுவேன்."

அவர் பசுவின் முதுகைத் தடவினார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணுவது போலத் தடவினார். "எலும்பா இருக்கா. ஆனா இருக்கா" என்றார். பிறகு உத்திரத்தைப் பார்த்தார். "பாசியை வெச்சுக் குடுத்தியா?" குடுத்தேன் என்றேன். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை.

அன்றிரவு மாமா வீட்டுக்குத் திரும்பி வந்து உங்கள் கடிதங்களை வாசித்தேன். நீங்கள் எழுதியது நியாயம். ஜனவரி 29 அன்று கடல் திறந்திருந்தது.

மறுநாள் காலை எழுந்து கயிற்றை இழுத்தேன். வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு இழுப்பு வந்தது. அவரா பசுவா என்று தெரியவில்லை. பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர்தான். கஞ்சிச் சட்டியோடு நின்றிருந்தார். "என்ன, நம்பிக்கையில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு பக்க வாயால் சிரித்தார்.

பதினாறாம் தேதி நான் எழுதிய கடிதத்தை, பத்தாம் தேதிக் கடிதத்தோடு சேர்த்துத் தபால்காரர் கொண்டுபோய்விட்டார். இன்னும் இரண்டு நாளில் உங்களுக்கு வரலாம். அதில் போகாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். அதை வாசியுங்கள். நான் எழுதியது உண்மை, தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாசித்துவிட்டுப் போங்கள். போட்ட கையெழுத்தை அழிக்கச் சொல்லமாட்டேன். இரண்டு வருஷம் நான் எழுதுவேன், கேட்டதற்குப் பதிலும் எழுதுவேன்.

அக்காவிடம் செடியைக் கொடுக்க வேண்டாம். நான் வருகிறேன்.

நாளைக் காலை இறங்கி, இதைத் தோதோங்கில் தபாலில் போடுகிறேன். ஆறாம் தேதி படகு. மாலை போஹாங் வந்துவிடும். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமா, என்னோடு அதே படகில் வருமா என்று தெரியாது. முன்னால் வந்தால், நீங்கள் துறைக்கு வர வேண்டும். வராவிட்டால் நானே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறேன். அதற்குப் பிறகு பன்னிரண்டாம் தேதிவரை ஆறு நாள் இருக்கிறது.

உங்கள் பிறந்தநாள் சூப்பை நான் வைக்கிறேன். குவாக் அண்ணன் இந்தக் கரைப் பாசி ஒரு சிறு கட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு கைப்பிடி அதிகம், அரைக் கைப்பிடிதான் ஊறப் போட வேண்டும். இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. கூரையிலிருந்து சொட்டுகிறது. எழுதும்போது கை குளிர்கிறது, அது எனக்கு நன்றாகவே தெரிகிறது.

நம்ஹீ